பிளேரியோவின் இறக்கைக்குக் கடலூர் ஆசாரி

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரைப் பக்கம் மரப்படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினேன். காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் உளியை வைத்தார். இறக்கைக்குள் விலா எலும்புபோல் வரிசையாக நிற்கும் சட்டம் ஒன்றின் முழு அளவுப் படம் அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். படகின் உள்விலாவை வங்கு என்பார்கள்.

“வங்கு மாதிரிதான் இருக்கு தம்பி. ஆனா இவ்ளோ சன்னமா எவன் வங்கு வெப்பான்? ஒரு அலைக்குத் தாங்குமா?”

“அலைக்கு இல்லைங்க மேஸ்திரி, காத்துக்கு.”

“காத்து மட்டும் என்ன சும்மாவா?” என்றார்.

பழைய விமானம் ஒன்றை அதே அளவில் மறுபடி செய்து பார்க்கலாம் என்று புதுச்சேரியில் நாங்கள் ஐந்தாறு பேர் கிளம்பியது, யாராவது ஒரு அருங்காட்சியகம் வாங்கி வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான். லாஸ்பேட்டையில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். இப்போதைக்குக் கையில் இருப்பது இடது இறக்கையில் கொஞ்சம். எங்கள் கதை சின்னது. ஆனால் இந்த மாதிரி வேலையில் உலகெங்கும் தன்னார்வலர்கள் எதில் முட்டிக்கொள்கிறார்கள், ஏன் முட்டிக்கொள்கிறார்கள் என்பது அந்தச் சின்ன இறக்கையிலேயே தெரிந்துவிடுகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஆசைப்பட்டது வேறொரு விமானத்துக்கு. 1910-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் செய்யச் சொல்லிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். குதிரை வண்டி, கோச்சு வண்டி கட்டிப் பழகிய கைகள் விமானம் கட்டின. நம் மண்ணின் கதை, இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அளவுப்படம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மங்கலான புகைப்படத்தை வைத்துக்கொண்டு சட்டத்தின் கனம் என்ன, கம்பி எங்கே கட்டியிருந்தது என்று ஊகித்துச் செய்தால், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எங்கள் கற்பனை விமானம், அவருடையது அல்ல. அதை அவர் பேரில் மக்கள் முன்னால் நிறுத்த மனம் வரவில்லை.

அவருக்குத் தூண்டுதலாக இருந்த விமானத்துக்குப் போனோம். லூயி பிளேரியோ 1909 ஜூலை 25 விடியற்காலையில் பிரான்சின் கலே கரையிலிருந்து 4.41-க்குக் கிளம்பி, 36 நிமிடம் சொச்சத்தில் இங்கிலாந்தின் டோவர் கோட்டை அருகே இறங்கிய பதினோராம் எண் வடிவம். கடக்க வேண்டியிருந்த தூரம், புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்ப் பாதி வழி திரும்பி வரும் அளவுதான். திசைமானி இல்லாமல் போனார். முன்பு நடந்த விபத்தில் சுட்டுக்கொண்ட காலோடு போனார். இறங்கும்போது சக்கரச் சட்டமும் உந்துவிசிறியும் உடைந்தன. டெய்லி மெயில் பத்திரிகை அறிவித்திருந்த 1,000 பவுன் பரிசு கிடைத்தது. கார்களுக்கு விளக்கு செய்து விற்ற பணத்தையும் மனைவி கொண்டுவந்த சீதனத்தையும் விமானத்தில் கொட்டித் தீர்த்திருந்த மனிதருக்கு அந்தக் காலைக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு ஆர்டர் வந்தது. பாரதி புதுச்சேரிக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத சமயம் அது.

இந்த விமானத்தைத் தேர்ந்தெடுக்க உணர்ச்சி தவிர வேறு காரணங்களும் உண்டு. நிறைய செய்யப்பட்டது, அதனால் நிறைய அளவுகள் பதிவாகியுள்ளன. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அதே விமானம் பாரிஸில் கலை - தொழில் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த் தொகுப்பில் ஒன்றும், அமெரிக்காவில் ஓல்ட் ரைன்பெக்கில் ஒன்றும் இன்னும் தரையைவிட்டு எழும்புகின்றன. அளவும் கைக்கு அடக்கம்: இறக்கை முனைக்கு முனை 7.79 மீட்டர், வெறும் எடை 230 கிலோ அளவு. இரண்டு ஸ்கூட்டரைச் சேர்த்து நிறுத்தினால் அந்த எடை வந்துவிடும். இறக்கை இரண்டையும் கழற்றி உடலோடு ஒட்டி வைத்துச் சாலையில் இழுத்துப்போகிற மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள். வாடகைக் கொட்டகைக்காரர்களுக்கு இது பெரிய உபகாரம்.

இனி, இந்த வேலையின் நடுக்கேள்வி. அசலைப்போல் செய்வது என்றால் எந்த அளவுக்கு அசல்?

புதுச்சேரி அருகே வில்லியனூர் கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர். இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்டுத்தான் நகர்கிறது. தேரில் மரம் உளுத்தால் மாற்றுவோம், அச்சு போனால் புது அச்சு. அதற்காக யாரும் அதை நகல் தேர் என்பதில்லை. நமக்குத் தேர் என்பது அந்த மரம் அல்ல, அந்த அளவும் அந்த வேலையும் அந்த ஓட்டமும்தான். அருங்காட்சியகத்தின் கணக்கு நேர் எதிர். அங்கே மதிப்பு அந்த மரத்துக்குத்தான், அன்று காற்றைத் தொட்ட அந்தத் துணிக்குத்தான். இரண்டு கணக்கும் தப்பில்லை. ஆனால் ஒரு கணக்கில் செய்துவிட்டு மற்றொரு கணக்கில் பெயர்ப்பலகை எழுதினால் வம்பு.

வம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. சாமுவேல் லேங்லி என்பவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். அவருடைய விமானம் 1903 அக்டோபர் 7-இலும் டிசம்பர் 8-இலும் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பதே நாளில், டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்தார்கள்: முதல் முறை 12 வினாடி, அன்றைய கடைசி முறை 59 வினாடி. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 1914-இல் விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்டிஸ், லேங்லியின் பழைய விமானத்தை எடுத்துச் செப்பனிட்டு, சத்தமில்லாமல் பல மாற்றங்கள் செய்து, தண்ணீரிலிருந்து கொஞ்சம் எழுப்பிக் காட்டினார். ரைட் சகோதரர்களோடு காப்புரிமை வழக்கில் இருந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, “பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் லேங்லியுடையது” என்ற பொருளில் ஸ்மித்சோனியன் பலகை எழுதி வைத்தது. ஓர்வில் ரைட் கொதித்துப்போய்த் தன் அசல் விமானத்தை 1928-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். மாற்றங்களின் பட்டியலை ஸ்மித்சோனியன் 1942-இல்தான் வெளியிட்டுத் தன் பேச்சைத் திரும்பப் பெற்றது. விமானம் அமெரிக்கா திரும்பியது 1948-இல். அதற்குள் ஓர்வில் இறந்துபோயிருந்தார்.

இத்தனைக்கும் கர்டிஸ் மாற்றம் செய்தது குற்றமில்லை. சொல்லாமல் செய்ததுதான் குற்றம். அதனால் எங்கள் கொட்டகையில் நாற்பது பக்கக் கணக்கு நோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. அட்டையில் “எதை மாத்தினோம்” என்று எழுதியிருக்கும். என்னைக் கேட்டால் இறக்கையைவிட அந்த நோட்டுதான் முக்கியம்.

அதில் முதல் பக்கம் முழுக்க மரம். பிளேரியோவின் உடற்சட்டம் ஆஷ் மரம். ஐரோப்பாவில் வண்டிச் சக்கரத்துக்கும் கருவிக் கைப்பிடிக்கும் போன மரம். அடி வாங்கும், வளையும், சட்டென்று முறியாது. நம் ஊரில் அந்த வேலையெல்லாம் செய்தது கருவேலம். குணம் கிட்டத்தட்ட அதுதான், எடைதான் இடிக்கிறது. தேக்கு எடையில் ஆஷுக்கு அருகில் வரும், ஆனால் அந்த அளவு வளைந்து கொடுக்காது. அதன் எண்ணெய்ப் பசை வேறு ஒட்டும் பசையைப் பிடிக்கவிடாது. இறக்குமதி ஆஷ் கிடைக்கிறது, விலை கேட்டால் தலை சுற்றுகிறது. முடிவில் முதன்மைச் சட்டங்களுக்கு மட்டும் ஆஷ், விலாச் சட்டங்களுக்கு மலைவேம்பு என்று வைத்துக்கொண்டோம். மலைவேம்பு ஆசாரி சொன்ன யோசனை. லேசு, நேர் நார், இழைப்புளிக்கு வழிவிடும். விமானம் பறக்கப்போவதில்லை என்பதால்தான் இந்தச் சலுகை. பறப்பதாக இருந்தால் இந்த வாக்கியத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

அளவில் ஒரு மோதல் வந்தது. பிரெஞ்சுப் படம் மில்லிமீட்டரில் பேசும். ஆசாரி நூலில் பேசுவார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். படகில் ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் கீல் பூசி மூடிவிடலாம். இங்கே ஒவ்வொரு விலாச் சட்டத்திலும் ஒரு நூல் பிசகினால், துணியைப் போர்த்தியதும் இறக்கை மேடு பள்ளமாகத் தெரியும். இறக்கையின் மேல்முதுகு எவ்வளவு வளைகிறது என்பதில்தான் தூக்குவிசையின் பெரும்பங்கு இருக்கிறது. அதனால் பலகையில் ஆணி அடித்து, எல்லாச் சட்டமும் ஒரே வடிவில் வர வைத்துப் பார்க்கும் ஜிக் ஒன்று செய்தோம். முதல் மூன்று சட்டம் அதில் உட்காரவில்லை. நான்காவது உட்கார்ந்தது. “இப்ப புரியுது, பொம்மைக்கு அச்சு மாதிரி” என்றார் ஆசாரி. அதற்குப் பிறகு அவர் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மரத்தைவிட எனக்குப் பிடித்தது கம்பி. இந்த விமானத்தைப் பார்ப்பவர்கள் மரச்சட்டம்தான் பலம் என்று நினைப்பார்கள். சட்டம் தனியே நின்றால் கையால் தள்ளினாலே கோணும். நான்கு குச்சியில் சதுரம் கட்டினால் சாய்ந்து சாய்சதுரமாகும். மூலைக்கு மூலை இரண்டு கயிறு குறுக்கே கட்டினால் அசையாது. உடலின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குறுக்குக் கட்டு, எஃகுக் கம்பியில். கால்வாயைத் தாண்டிய விமானத்தில் உடலின் பின்பாதிக்குத் துணியே இல்லை, எலும்புக்கூடு அப்படியே தெரியும். கட்டுமரம் தந்த கரைக்காரர்களுக்கு, ஆணியை நம்பாமல் கட்டை நம்புவது புதிதல்ல. புதுச்சேரியில் துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய சலங்குகளின் பலகைகள் தேங்காய் நாரால் தைக்கப்பட்டவை. ஆணி அடித்த படகு அலையில் மோதி விரியும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும்.

பிளேரியோவின் இறக்கையும் வளைய வேண்டிய இறக்கைதான், வேண்டுமென்றே. இன்றைய விமானத்தில் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் தனி மடிப்புகள் உண்டு. அன்று இறக்கையையே முறுக்கினார்கள். பனையோலை விசிறியை இரண்டு கையால் பிடித்து ஒரு முனையை மேலேயும் மறுமுனையைக் கீழேயும் திருப்பிப் பாருங்கள், அதேதான். விமானி முன்னால் இருக்கும் தடியைச் சாய்த்தால், அதன் அடியிலுள்ள மணி வடிவக் கிண்ணம் கம்பிகளை இழுக்கும். ஒரு இறக்கையின் பின்பக்கம் தாழும், மற்றது உயரும். கையில் ஒரு தடி, காலில் சுக்கான் என்ற பிளேரியோவின் அந்த ஏற்பாடு பின்னால் வந்த விமானங்களுக்கு வழக்கமாகிவிட்டது. முறுக்குகிற இறக்கைதான் வழக்கொழிந்தது.

கம்பியை முறுக்கேற்றுவது தனி வித்தை. மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் தட்டி இழுத்தால் எதிர்ப்பக்கம் சுருதி மாறும். இங்கும் அப்படியே. ஒரு கம்பியை இறுக்கினால் மூன்றாவது கட்டத்தில் வேறொன்று தளரும். எங்கள் குழுவில் பாலிடெக்னிக்கில் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார். அளவுகோலை வைத்துவிட்டு விரலால் மீட்டிக் காதால்தான் சரிபார்க்கிறார். இன்னொன்றும் உண்டு. இறக்கைக்குக் கீழே போகும் கம்பிகள் பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் பிடிப்பவை. மேலே போகும் கம்பிகள் தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் தாங்குபவை. அருங்காட்சியகத்தில் விமானம் எந்நாளும் நின்றுகொண்டேதான் இருக்கப்போகிறது. ஆகவே மேல்கம்பிகளுக்கு ஓய்வே இல்லை, கீழ்க்கம்பிகளுக்கு வேலையே இல்லை. மரம் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்யும். பறக்கும் விமானத்துக்கு வராத நோய் இது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் வைக்கப்போவது பொம்மை எஞ்சின்தான். அசலில் இருந்தது ஆன்ஜானி: விசிறிபோல் விரிந்த மூன்று சிலிண்டர், 25 குதிரைத்திறன். இன்று தெருவில் ஓடும் 350 சிசி புல்லட் 20 குதிரைத்திறன் தருகிறது. அதை மாட்டினால் ஓடுமே என்று கொட்டகைக்கு வரும் பிள்ளைகள் கேட்காத வாரமில்லை. புல்லட் அந்தத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது. ஆன்ஜானி மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளளவோடு 1,400 சுற்றளவில் சாவகாசமாகச் சுழலும். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான மரவிசிறியை நேராக அதன் அச்சில் மாட்டலாம். அதே விசிறியைப் பல்சக்கரம் வைத்து வேகம் குறைக்காமல் 6,000 சுற்றில் விட்டால் முனை ஒலியின் வேகத்தையே மிஞ்ச வேண்டிவரும், அதற்கு முன்பே மரம் சிதறும். பின்னால் வந்த பிளேரியோக்களில் நோம் என்ற சுழல் எஞ்சின் வந்தது. அதற்கு ஊற்றியது நம் விளக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாத எண்ணெய் என்பதால். எரிந்தும் எரியாமலும் விமானி முகத்தில் அது அடித்ததன் பலன் என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சிறுவயதில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பசையில்தான் எங்களுக்குள் சண்டை. பழைய மர விசிறிகள் பலகை மேல் பலகை ஒட்டிச் செதுக்கியவை. அக்காலத் தச்சு வேலையில் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம்தான் பெரிய பசை. நம் ஆசாரிகளும் வைத்திருந்தார்கள். அது ஈரக்காற்றில் இளகும். புதுச்சேரியில் ஈரமில்லாத காற்று எங்கே இருக்கிறது? ஒருவர் வச்சிரமே வேண்டும் என்றார், இன்னொருவர் ஃபெவிகால் போட்டு முடியுங்கள் என்றார். இரண்டு ஞாயிறு பேச்சிலேயே போயிற்று. வெளியே தெரியும் விசிறிக்கு வச்சிரம், உள்ளே தெரியாத ஒட்டுகளுக்கு இன்றைய பசை, இரண்டும் நோட்டில் ஏறும் என்று முடிந்தது. எனக்கு இதில் முழு சம்மதமில்லை. தெரியாத இடத்தில்தான் நேர்மை வேண்டும் என்பது என் கட்சி. ஓட்டு என் பக்கம் விழவில்லை.

துணிக்கும் நாங்கள் வெளியே தேடவில்லை. அக்கால விமானங்களுக்கு லினன், பருத்தி, ரப்பர் பூசிய துணி என்று பலவும் போனது. நெருக்கமான நெசவு, லேசான எடை, நான்கு பக்கமும் ஒரே இழுவை, இவைதான் தேவை. ரோடியர் மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர், தறித்துணியை விரலில் உரசியே இழை எண்ணிக்கை சொல்கிறார். மில் மூடிவிட்டது, விரல் மறக்கவில்லை. துணியைச் சட்டத்தில் தைத்துப் போர்த்தினால் மட்டும் போதாது, முரசுத்தோல் மாதிரி இறுக வேண்டும். கஞ்சி போட்டால் முதல் மழையில் கரையும். அதற்குத்தான் செல்லுலோஸ் கரைசலைப் பூசும் வழக்கம் வந்தது. காயக் காயத் துணியைச் சுருக்கி இழுக்கும், காற்றும் நீரும் புகாமல் அடைக்கும். பழைய கரைசல் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வகை. தகரக் கொட்டகையில் அது வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே குரல்.

இத்தனை பாடு எதற்கு, பாரிஸில்தான் அசல் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தொங்கும் அசலை யாரும் பிரித்துப் பார்க்கவோ முறுக்கிப் பார்க்கவோ விடமாட்டார்கள். மறுபடி செய்ததைத்தான் சோதிக்கலாம். லாஸ் ஏஞ்சலீஸில் விமானப் பொறியாளர்கள் தன்னார்வமாகக் கட்டிய ரைட் விமானத்தை 1999-இல் நாசாவின் ஏம்ஸ் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். மூக்கு மேலும் கீழும் ஆட எவ்வளவு துடிக்கிற விமானம் அது என்பது எண்களாகக் கிடைத்தது. அதைக் கையில் பிடித்துப் பறந்தவர்களின் திறமை அப்போதுதான் சரியாகப் புரிந்தது. 2003-இல் நூற்றாண்டு விழாவுக்கென்று நுணுக்கமாகச் செய்த இன்னொரு ரைட் விமானம், விழா நாளில் மழையிலும் காற்றுக் குறைவிலும் எழும்பவில்லை. கூட்டம் ஏமாந்தது. எனக்கு அதுவும் ஒரு பாடமாகத்தான் படுகிறது: 1903-இல் அன்றைக்கு எதிர்க்காற்று எவ்வளவு பலமாக வீசியது என்பதை அந்தத் தோல்வி காட்டியது. கனடாவில் தன்னார்வலர்கள் மறுபடி செய்த சில்வர் டார்ட் என்ற பழைய விமானம் 2009 பிப்ரவரி 22 அன்று பேடெக்கில் உறைந்த ஏரிமேல் எழும்பியது, அசல் பறந்த நூற்றாண்டுக்குச் சரியாக ஒரு நாள் முன்பாக.

எங்கள் எதிரி காற்றில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் இது. ஃபெஞ்சலில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். அன்றிலிருந்து எல்லாச் சட்டமும் பரணில். கடற்காற்றின் உப்பு கம்பியைத் தின்னும், கரையான் மரத்தைத் தின்னும். எந்த அருங்காட்சியகத்திடம் கொடுத்தாலும் நாங்கள் வைக்கப்போகும் ஒரே நிபந்தனை, கடற்கரையைப் பார்த்த சன்னலருகே நிறுத்தாதீர்கள் என்பதுதான். படம் எடுக்க அழகாக இருக்கும் என்று யாராவது நிச்சயம் அங்கேதான் நிறுத்தப் பார்ப்பார்கள்.

ஆள்தான் பெரிய செலவு. முதல் மாதம் பதினைந்து பேர் வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். உப்புத்தாள் தேய்க்கிற வாரம் வந்ததும் ஐந்தானோம். இந்த வேலையில் பத்தில் எட்டுப் பங்கு தேய்ப்பதுதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

போன மாதம் இடது இறக்கைக்குத் துணி போடும் பேச்சு வந்தது. ஆசாரி பேருந்து பிடித்து வந்தார். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஜிக்கில் உட்காராத அந்த முதல் மூன்றையும் எங்கே என்று கேட்டார். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தோம். பென்சிலை எடுத்து அவற்றின் பக்கவாட்டில் ‘கோணல்’ என்று எழுதி, நோட்டையும் வாங்கித் தேதி போட்டு, தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, கீழ்ப்பக்கம் துணி போடாதீங்க. வர்றவன் குனிஞ்சு பார்க்கட்டும்” என்றார். அந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை.